உள்நுழைவு மெதுவாகும்போது செஷனை எங்கே வைப்பது? கோப்பு, தரவுத்தளம், மெம்கேஷ்டு, ரெடிஸ், குக்கி: ஓர் ஒப்பீடு

“உள்நுழைய நேரமாகிறது, ரெடிஸ் போட்டால் சரியாகிவிடுமா?” கல்லூரிகளில் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தைப் பராமரிப்பவர்களும், சிறு நிறுவனங்களுக்குப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் செயலி எழுதித் தருபவர்களும் கேட்கும் கேள்வி இது. ரெடிஸ் என்பது தரவை நினைவகத்தில் வைத்துத் தரும் ஒரு சர்வர் மென்பொருள். இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. உள்நுழைவு ஏன் தாமதமாகிறது என்பது ஒன்று. உள்நுழைந்தவர் யார் என்பதை நினைவில் வைத்திருக்கும் செஷன் தரவை எங்கே சேமிப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு முடிவெடுப்பவர்கள், புதிய சர்வர் ஒன்றைப் பராமரிக்கும் சுமையை ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய தாமதத்துடனேயே இருக்க நேர்கிறது. ஆகவே ஒப்பீட்டுக்கு முன், அந்த ஒப்பீடு உங்களுக்குத் தேவைதானா என்பதைப் பார்த்துவிடலாம்.

## நேரம் எங்கே செலவாகிறது?

பயனர் ‘உள்நுழைவு’ என்று சொல்வது குறைந்தது இரண்டு கோரிக்கைகள். கடவுச்சொல்லை ஏற்றுச் சரிபார்ப்பது முதலாவது. சரிபார்த்தபின் உலாவி திருப்பிவிடப்படுகிற முகப்புப் பக்கம் இரண்டாவது. உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கம் மாறினாலும் பதிவுகள் அழியாதபடி அமைத்துக்கொண்டு ஒருமுறை உள்நுழைந்தால், இவ்விரண்டில் எது நேரத்தை விழுங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் கோரிக்கைதான் மெதுவென்றால், பெரும்பாலும் அதற்கும் செஷனுக்கும் தொடர்பில்லை. கடவுச்சொல் ஹாஷ், அதாவது கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவுக்கு மாற்றும் கணக்கீடு, வேண்டுமென்றே மெதுவாக இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையின் ‘காஸ்ட்’ எண் ஒன்று கூடினால் வேலை இரட்டிப்பாகும். 2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4, அதன் இயல்பு மதிப்பை 10இலிருந்து 12 ஆக்கியதால், புதிய இயல்பு மதிப்பில் உருவாகும் ஒவ்வொரு ஹாஷையும் சரிபார்க்க முன்பைப் போல் நான்கு மடங்கு நேரம் ஆகிறது. பைத்தான் மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவில், ஹாஷுக்காகத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் சுழற்சி எண்ணிக்கை 4.2ஆம் பதிப்பில் 6,00,000 ஆக இருந்தது, 5.2இல் 10,00,000 ஆகியிருக்கிறது. அதோடு, பதிப்பு மாறிய பிறகு ஒவ்வொரு பயனரும் முதல்முறை உள்நுழையும்போது பழைய ஹாஷைச் சரிபார்த்துப் புதிதாக எழுதும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு சரிபார்ப்புக்குச் சிபியுவின் ஒரு கோர் கால் வினாடி செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோர் உள்ள சர்வர் வினாடிக்குப் பதினாறு பேரைத்தான் உள்ளே விடும். தேர்வு தொடங்கும் நிமிடத்தில் 600 மாணவர்கள் ஒன்றாக வந்தால் கடைசி ஆள் முப்பத்தேழு வினாடிக்கு மேல் காத்திருப்பார். எந்தக் கேஷும் (அடிக்கடி தேவைப்படுவதை விரைவாகத் தரும் தற்காலிகச் சேமிப்பு) இதைக் குறைக்காது, ஹாஷைப் பலவீனமாக்கிக் குறைக்கவும் கூடாது. கோர்களைக் கூட்டலாம், அல்லது தேர்வுக்கு அரைமணி நேரம் முன்பே உள்நுழையச் சொல்லலாம். செலவில்லாத இந்த இரண்டாவது வழியை ஏனோ பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

தாமதம் ஏறத்தாழச் சரியாக ஐந்து வினாடி அல்லது பத்து வினாடி என்று வந்தால், சர்வர் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். லினக்ஸில் ஒரு பெயர்ச் சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பு நேரம் ஐந்து வினாடி. பட்டியலில் முதலாவதாக இருக்கும் சர்வர் செயலிழந்திருந்தால், பயனர் விவரங்களை வைத்திருக்கும் எல்டேப் சர்வரின் பெயரைத் தேடும் ஒவ்வொரு உள்நுழைவும் அந்த ஐந்து வினாடியைக் கட்டியே ஆக வேண்டும். இணைப்பு வரும் முகவரியின் பெயரை மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தலைகீழாகத் தேடும்போதும் இதே நிலைதான். மூடுலில், வெளித் தரவுத்தளம் அல்லது எல்டேப் வழியாகப் பாடப் பதிவு நடக்கும்படி அமைத்திருந்தால், மாணவர் உள்நுழையும் அந்தக் கணத்திலேயே அவருடைய பதிவுகள் வெளியே கேட்டு ஒப்பிடப்படுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை, அதாவது முகப்புப் பக்கம் மெதுவென்றால், அது கேஷ் தொடர்பானதாகவோ செஷன் பூட்டு (ஒரு கோரிக்கை செஷனைப் பயன்படுத்தும்போது மற்றவற்றைக் காத்திருக்கவைப்பது) தொடர்பானதாகவோ இருக்கலாம். இதைப் பிரித்தறிய, பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் ஸ்லோ லாகை இயக்குங்கள். குறித்த வினாடிக்கு மேல் ஓடும் கோரிக்கை எந்த வரியில் நிற்கிறது என்பதை அது எழுதிவைக்கும். செஷனைத் தொடங்கும் வரியிலேயே நிற்கிறது என்றால் பூட்டு. தரவுத்தள வினவலில் நிற்கிறது என்றால் கேஷோ இண்டெக்ஸோ போதவில்லை. பூட்டில் நிற்பவர்கள் மட்டுமே இனிவரும் ஒப்பீட்டை வேகத்துக்காகப் படிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களுக்குப் போகிறவர்கள் வேறு காரணத்துக்காகப் படிக்க வேண்டும்.

## ஒப்பிட வேண்டிய அளவுகோல்கள்

வாசிக்கும் வேகத்தை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. சில கிலோபைட் அளவுள்ள செஷன், உள்ளூர் வட்டில் இருந்தாலும் லினக்ஸ் அதை நினைவகத்திலேயே வைத்திருக்கும்; ரெடிஸிலிருந்து எடுத்தாலும் அது மில்லிவினாடிக் கணக்குதான். கால் வினாடி எடுக்கும் ஹாஷின் பக்கத்தில் இந்த வேறுபாட்டைப் பயனர் உணர வழியில்லை.

பார்க்க வேண்டியவை வேறு. ஒரே பயனரின் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கிறதா, காத்திருக்காவிட்டால் தரவு கெடுகிறதா என்பது முதலாவது. செயலி பல சர்வர்களில் ஓடினால் எல்லாவற்றுக்கும் ஒரே செஷன் தெரியுமா என்பது இரண்டாவது. சேமிப்பிடம் ரீஸ்டார்ட் ஆனாலோ நிரம்பினாலோ உள்ளே இருப்பவர்கள் வெளியே தள்ளப்படுவார்களா என்பதும், ஒருவரை உடனடியாக வெளியேற்ற வேண்டிய நிலையில் அது முடியுமா என்பதும் அடுத்தவை. இரவு இரண்டு மணிக்கு அது நின்றுபோனால் சரிசெய்யத் தெரிந்தவர் உங்களிடம் இருக்கிறாரா என்பதைக் கடைசியாகச் சொன்னாலும், சிறு அமைப்புகளுக்கு முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

## உள்ளூர்க் கோப்பு

பிஎச்பியின் இயல்பான முறை இது. செஷன் தொடங்கியதும் கோப்பு பூட்டப்படுகிறது. நிரல் முடியும்வரையோ, நிரலாளர் தாமாகச் செஷனை மூடும்வரையோ அந்தப் பூட்டு விடுபடாது. முகப்புப் பக்கம் பின்னணியில் ஆறு கோரிக்கைகளை அனுப்பினால், அவை ஆறும் ரேஷன் கடை வரிசைபோல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். ஒவ்வொன்றும் அரை வினாடி என்றால் மொத்தம் மூன்று வினாடி.

இதன் மறைமுக விளைவு இன்னும் மோசமானது. காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு பிஎச்பி-எஃப்பிஎம் வொர்க்கரை, அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கையாளும் செயல்முறையை, பிடித்துவைத்திருக்கிறது. அந்த மென்பொருளோடு வரும் மாதிரி அமைப்பில் வொர்க்கர்களின் உச்ச வரம்பு வெறும் ஐந்து. அதை மாற்றாமல் விட்டிருந்தால் ஒரே ஒரு பயனரின் முகப்புப் பக்கம், மற்ற அனைவரையும் வாசலில் நிறுத்திவிடும். சிபியு சும்மா இருக்கும், தளம் நகராது. “சர்வர் பளு குறைவாகத்தான் காட்டுகிறது, ஆனாலும் மெதுவாக இருக்கிறது” என்று சொல்லப்படும் புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

தீர்வு, சேமிப்பிடத்தை மாற்றுவதைவிடப் பெரும்பாலும் எளிது: செஷனில் எழுத வேண்டியதை எழுதி முடித்தவுடன், நீண்ட வேலையைத் தொடங்கும் முன்பே செஷனை மூடிவிடுவது. படிக்க மட்டுமே தேவைப்படும் பக்கங்களில், படித்தவுடன் மூடிவிடும் வசதி பிஎச்பி 7.0 முதலே உண்டு.

மறைமுகச் செலவுகளில் இன்னொன்று பழைய கோப்புகளைக் கழிப்பது. டெபியனிலும் உபுண்டுவிலும் பிஎச்பி தானாகக் குப்பை அகற்றுவது அணைக்கப்பட்டு, அந்த வேலை அரைமணிக்கு ஒருமுறை ஓடும் தனிப் பணிக்குத் தரப்பட்டிருக்கிறது. செயலி ஓடும்போது தன் கோப்புகளை வேறு கோப்புறைக்குத் திருப்பிவிட்டால், அந்தப் பணி அங்கே எட்டிப்பார்க்காது. லட்சக்கணக்கில் கோப்புகள் சேர்ந்து, ஐநோடுகள் (வட்டில் எத்தனை கோப்புகள் இருக்கலாம் என்ற வரம்பு) தீர்ந்த பின்தான் தெரியவரும்.

பல சர்வர்கள் வந்ததும் இந்தக் கோப்புறையை, வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் பகிர்ந்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பூட்டுகளை வலையமைப்பு வழியாக நிர்வகிப்பது மெதுவானது, பகிர்வுச் சர்வர் தடுமாறினால் எல்லாச் சர்வர்களும் சேர்ந்து தடுமாறும். அதற்கு மாற்றாக, ஒரே ஐபி முகவரியிலிருந்து வருபவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் முறையும் உண்டு. ஆனால் கல்லூரி முழுவதும் ஒரே பொது முகவரியில் வெளியே வரும்போது மொத்தக் கூட்டமும் ஒரே சர்வரின் மேல் விழும்.

## தரவுத்தளம்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று. காப்புப் பிரதியும் கண்காணிப்பும் இருக்கின்றன. எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவானது. ஜாங்கோ இதையே இயல்பாக வைத்திருக்கிறது. புதிதாக எதையும் நிறுவாமல் இரண்டாவது சர்வரைச் சேர்க்க வேண்டியிருக்கும் சிறு குழுவுக்கு இதுவே நேர்மையான தேர்வு என்று நினைக்கிறேன்.

செலவு எழுதுவதில் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதிசெய்யும் படி) வட்டில் உறுதியாக எழுதப்பட்ட பிறகே முடிகிறது. ஒவ்வொரு பக்கப் பார்வைக்கும் செஷனைத் திரும்ப எழுதும் செயலி, படிப்பதற்கு மட்டுமே வந்தவருக்கும் ஒரு வட்டு எழுத்தை உண்டாக்குகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு திருத்தமும் பழைய வரிசையைக் கழிவாக விட்டுச் செல்வதால், அட்டவணை வீங்கி, அந்தக் கழிவை அகற்றும் தானியங்கி ‘வேக்கும்’ பணி பின்தங்கக்கூடும். அங்கே செஷன் அட்டவணையை மட்டும் ‘அன்லாக்டு’ (unlogged, மீட்புப் பதிவேட்டில் எழுதாத) வகையாக உருவாக்கினால் எழுத்துச் சுமை பெரிதும் குறையும். தரவுத்தளம் முறிந்து விழுந்து எழுந்தால் அந்த அட்டவணை காலியாகிவிடும் என்பதே அதற்குக் கொடுக்கும் விலை. செஷனுக்கு அந்த விலை பெரும்பாலும் கட்டுப்படியாகக்கூடியது.

ஜாங்கோவில் காலாவதியான செஷன்கள் தானாக அழியா. அவற்றைக் கழிக்கும் கட்டளையை, குறித்த நேரங்களில் வேலைகளை ஓட்டும் கிரானில் போடாத தளங்களில், தரவுத்தளத்திலேயே பெரிய அட்டவணையாக அது வளர்ந்து நிற்பதைக் காணலாம்.

## மெம்கேஷ்டு

2003இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய, தரவை நினைவகத்தில் வைக்கும் மென்பொருள். மறுபடி கணக்கிட்டுக்கொள்ளக்கூடியவற்றை, அதாவது பக்கத் துண்டுகளையும் வினவல் விடைகளையும் வைக்க இன்றும் மிக எளிமையான, நம்பகமான கருவி. செஷனை மறுபடி கணக்கிட முடியாது என்பதே இங்குள்ள சிக்கல். நினைவகம் நிரம்பினால் நெடுநாள் தொடப்படாதவற்றை அது பேசாமல் தூக்கி எறியும். இயல்பு வரம்பு 64 மெகாபைட்தான். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் போய்விடும், எல்லோரும் ஒரே நேரத்தில் மறுபடி உள்நுழைய வருவார்கள், மேலே சொன்ன ஹாஷ் நெரிசல் அப்போது தொடங்கும். 2018 பிப்ரவரியில் கிட்ஹப்பின் மீது வினாடிக்கு 1.35 டெராபிட் அளவில் நடந்த தாக்குதலுக்கு, இணையத்தில் திறந்துகிடந்த மெம்கேஷ்டு சர்வர்களே பயன்படுத்தப்பட்டன. அது பயன்படுத்தும் 11211 போர்ட்டை வெளியுலகுக்கு மூடிவைப்பது கட்டாயம்.

கேஷுக்கு இதைத் தேர்ந்தெடுங்கள். செஷனுக்கு வேண்டாம்.

## ரெடிஸ்

பல சர்வர்கள் உள்ள இடத்தில் இன்று பெரும்பாலோர் வந்து சேரும் இடம் இது. ஒவ்வொரு செஷனுக்கும் தானாகக் காலாவதி நேரம் வைக்கலாம், ஒருவருடைய செஷனை உடனே அழிக்கலாம், வட்டில் எழுதிவைத்து ரீஸ்டார்ட்டுக்குப் பின் மீட்கலாம். ஆனால் இதன் பெயரில் சொல்லப்படும் வேகக் கதைகளில் ஒரு பாதி வேறொன்றைப் பற்றியவை.

கோப்பிலிருந்து ரெடிஸுக்கு மாறியதும் தளம் பறக்கிறது என்பார்கள். பிஎச்பியின் ரெடிஸ் நீட்சியில் செஷன் பூட்டு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிடைத்த வேகத்துக்குப் பூட்டு காணாமல் போனதும் காரணமாக இருக்கலாம். பூட்டு இல்லாதபோது ஒரே பயனரின் இரண்டு கோரிக்கைகள் ஒரே செஷனைப் படித்து, தனித்தனியே மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று எழுதும். கடைசியாக எழுதியதே நிற்கும். கூடையில் போட்ட பொருள் சில வேளைகளில் மறைவது, படிவத்தின் பாதுகாப்புக் குறி பொருந்தவில்லை என்ற பிழை எப்போதாவது வருவது போன்ற, சோதனையில் ஒருபோதும் சிக்காத கோளாறுகள் இப்படித்தான் பிறக்கின்றன. பூட்டை இயக்கினால் கோளாறு போகும், கோப்பு முறையின் காத்திருப்பும் திரும்ப வரும். மூடுல் தன் ரெடிஸ் செஷனில் பூட்டைத் தானே கையாள்கிறது. அதற்காகக் காத்திருக்கும் இயல்பு வரம்பு 120 வினாடி. ஆகவே பூட்டினால் மெதுவான மூடுல் தளம், ரெடிஸுக்கு மாறிய பிறகும் பூட்டினால் மெதுவாகவே இருக்கும்.

இரண்டாவது கண்ணி, கேஷையும் செஷனையும் ஒரே ரெடிஸில் வைப்பது. நிரம்பியதும் பழையதை எறி என்று அமைத்தால் கேஷ் பெருகும்போது செஷன்கள் எறியப்படும். எதையும் எறியாதே என்னும் இயல்பு அமைப்பை விட்டால், நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பிழையாகத் திரும்பும். எண் 0, எண் 1 என்று தரவுத்தளங்களைப் பிரித்துவிட்டதால் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நினைவக வரம்பும் வெளியேற்றும் கொள்கையும் ஓடும் ரெடிஸ் முழுமைக்கும் பொதுவானவை. வேறு வேறு போர்ட்டில் இரண்டு ரெடிஸ் ஓட்டுவதே சரி: எதையும் எறியாத, வட்டில் எழுதும் ஒன்று செஷனுக்கு, தாராளமாக எறியும், வட்டைத் தொடாத ஒன்று கேஷுக்கு.

வட்டில் எழுதுவதற்கும் விலை உண்டு. அந்தக் கணத்துத் தரவு முழுவதையும் ஒரு படமாக வட்டில் பதியும்போது செயல்முறை தன்னைப் பிரதியெடுத்துக்கொள்வதால், எழுத்து அதிகமாக இருக்கும் நேரத்தில் நினைவகத் தேவை மிக மோசமான நிலையில் இரட்டிப்பை நெருங்கலாம். நினைவகத்தை விளிம்புவரை ஒதுக்கிவிடாதீர்கள். உரிமம் குறித்தும் ஒரு சொல்: 2024 மார்ச்சில் ரெடிஸ் தன் பழைய பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டதையடுத்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கி என்ற கிளை உருவானது, 2025இல் ரெடிஸ் 8, ஏஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. செஷன் சேமிக்கும் அளவில் இரண்டும் ஒன்றுதான்; உங்கள் லினக்ஸ் பதிப்பு எதைத் தருகிறதோ அதையே பயன்படுத்தலாம்.

## கையொப்பமிட்ட குக்கி

செஷனை சர்வரில் வைக்காமல், திருத்த முடியாதபடி கையொப்பமிட்டுப் பயனரின் உலாவியிடமே கொடுத்துவிடும் முறை. ரூபி மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ரெயில்ஸின் இயல்பு இந்த வகைதான். ஜேடபிள்யூடி என்ற கையொப்பமிட்ட டோக்கனை வைத்து எழுதப்படும் செயலிகளும் இந்த வகைதான். சேமிப்பிடம் இல்லை, பூட்டு இல்லை, எத்தனை சர்வர் வேண்டுமானாலும் சேர்க்கலாம். அளவு ஏறக்குறைய 4096 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அந்தச் சுமை ஒவ்வொரு கோரிக்கையோடும் மேலே பயணிக்கும் என்பவை சிறிய குறைகள். ஒருவரை உடனே வெளியேற்ற முடியாது என்பதே பெரிய குறை. திருடப்பட்ட குக்கி, காலாவதி ஆகும்வரை செல்லும். அதைத் தடுக்கப் பயனருக்கு ஒரு பதிப்பு எண் வைத்து ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் சரிபார்க்கலாம். அப்படிச் செய்தால், தவிர்க்க நினைத்த அந்த ஒரு வினவல் திரும்ப வந்துவிட்டது. மேலும் கையொப்பம் என்பது மறையாக்கம் ஆகாது. ரெயில்ஸ் இயல்பாகச் செய்வதுபோல் தனியே மறையாக்கம் செய்யாதவரை உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பூட்டு | பல சர்வர் | ரீஸ்டார்ட்டுக்குப் பின் | உடனே வெளியேற்றல் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| உள்ளூர்க் கோப்பு | இயல்பாக உண்டு | இல்லை | நிற்கும் | முடியும் | காத்திருக்கும் வொர்க்கர்கள், கோப்புக் குப்பை |
| தரவுத்தளம் | செயலியைப் பொறுத்தது | உண்டு | நிற்கும் | முடியும் | வட்டு எழுத்து, வீங்கும் அட்டவணை |
| மெம்கேஷ்டு | நீட்சியைப் பொறுத்தது | உண்டு | போய்விடும் | முடியும் | சொல்லாமல் எறிதல் |
| ரெடிஸ் | பிஎச்பி நீட்சியில் இயல்பாக இல்லை | உண்டு | அமைப்பைப் பொறுத்தது | முடியும் | தனிப் பராமரிப்பு, கூடுதல் நினைவகம் |
| கையொப்பமிட்ட குக்கி | இல்லை | உண்டு | நிற்கும் | கடினம் | அளவு வரம்பு, மறையாத உள்ளடக்கம் |

## யாருக்கு எது?

ஒரே சர்வர் என்றால் உள்ளூர்க் கோப்பை விட்டு நகராதீர்கள். செஷனைச் சீக்கிரம் மூடுவதும், வொர்க்கர் எண்ணிக்கையை நினைவகம் தாங்கும் அளவுக்கு உயர்த்துவதும் உங்களுக்கு ரெடிஸ் தருவதைவிட அதிகம் தரும். இரண்டு மூன்று சர்வர்கள், தனியாக ஒரு சேவையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் தரவுத்தளம். அதைவிடப் பெரிய கூட்டமும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், செஷனுக்கெனத் தனி ரெடிஸ். குக்கி, செஷனில் பயனர் எண்ணைத் தவிர வேறு ஏதும் இல்லாத, உடனடி வெளியேற்றம் முக்கியமில்லாத செயலிகளுக்குப் பொருந்தும். பணமோ மதிப்பெண்ணோ கையாளும் இடத்தில் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எந்த வழியில் போனாலும், உள்நுழைந்தவருக்கான பக்கங்களை முழுப்பக்கக் கேஷில் வைத்து வேகம் தேட வேண்டாம். 2015 கிறிஸ்துமஸ் நாளன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கப் போட்ட கேஷ் விதி பிழையாகிப்போனதால், சுமார் 34,000 பயனர்களின் விவரங்கள் அடங்கிய பக்கங்கள் பிறருக்குக் காட்டப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. உள்நுழைந்தவரின் பக்கங்கள் எதையும் இடையில் உள்ள கேஷ் சேமிக்கக் கூடாது என்ற தலைப்பு வரியைச் செயலியே அனுப்ப வேண்டும். செஷன் குக்கியை அளிக்கும் பதில் எதுவும் கேஷில் சேரவே கூடாது.

மாற்றும் நாளைப் பற்றி: செஷன் சேமிப்பிடத்தை மாற்றிய கணமே பழைய செஷன்கள் செல்லாதவையாகி எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள். பாதி எழுதிய தேர்வும் அனுப்பாத படிவமும் இருக்கும் நேரத்தில் அதைச் செய்ய முடியாது. நள்ளிரவுக்குப் பின், அறிவிப்போடு செய்யுங்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும், மேலே சொன்ன இரண்டு கோரிக்கைகளின் நேரத்தையும் எஞ்சின்எக்ஸ் வலைச் சர்வரின் பதிவில் குறித்துவையுங்கள். மொத்தக் கோரிக்கை நேரத்தையும் பிஎச்பி எடுத்த நேரத்தையும் தனித்தனியே எழுதச் சொன்னால், மொத்தம் அதிகமாகவும் பிஎச்பியின் பங்கு குறைவாகவும் வருகிறவர்கள் மெதுவான இணைய இணைப்பில் இருப்பவர்கள் என்று தெரியும். அவர்களுடைய தாமதத்தை எந்தச் சேமிப்பிடமும் தொடாது.